தோலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு

1741ஆம் ஆண்டில் 'செஞ்சூரியன்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் புயலோடு போராடிக்கொண்டிருந்தது. தளபதி ஜார்ஜ் ஆன்சன். புயலைவிடக் கொடிய எதிரி கப்பலுக்குள்ளேயே இருந்தது. மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது; பற்கள் ஆடின; தோலில் கருநீலத் திட்டுகள் படர்ந்தன; பிணங்களைக் கடலில் இறக்குவது அன்றாட வேலையாகிப்போனது. ஸ்கர்வி நோய். அந்தப் பயணத்தைப் பற்றி 1748இல் வெளியான நூலில் ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. கப்பலில் இருந்த முதிய படைவீரர் ஒருவர் 1690இல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் காயம்பட்டவர். காயங்கள் அப்போதே ஆறிவிட்டன. ஐம்பது ஆண்டுகளாக ஒரு தொந்தரவும் இல்லை. ஸ்கர்வி பிடித்ததும் அந்தப் பழைய புண்கள் ஒருநாளும் ஆறாதவைபோல மறுபடி வாய் திறந்தன.

அரை நூற்றாண்டுக்கு முன் மூடிய தோல் எப்படித் திறக்கும்? புண் மூடிவிட்டால் அதோடு வேலை முடிந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். தழும்பில் வேலை முடிவதே இல்லை. அங்கே ஒரு புரதம் ஓயாமல் அறுக்கப்படுகிறது. ஓயாமல் மறுபடி திரிக்கப்படுகிறது. இரண்டும் சமமாக நடக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. பல மாதங்கள் காய்கனியைக் கண்ணால் காணாத கப்பலில் திரிக்கும் வேலை நின்றுபோனது. அறுக்கும் வேலை நிற்கவில்லை. அந்தப் புரதத்தின் பெயர் கொலாஜன். தழும்பில் வேகமாக நடக்கும் இந்த வரவு செலவு, உடம்பின் தோல் முழுவதும் மிக நிதானமாக நடக்கிறது. வயதாக ஆகத் தோல் மெலிவதும் சுருங்குவதும் தளர்வதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில் செலவு மிஞ்சுவதால்தான்.

தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்டது. கீழிருந்து புதிய செல்கள் பிறந்து மேலேறி, இறந்து, உதிர்கின்றன. இளம் வயதில் இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். முதுமையில் இன்னும் அதிகம். ஆனால் தோலுக்கு உறுதி தருவது அதற்குக் கீழே இருக்கும் உள்தோல். ஈரத்தை நீக்கிவிட்டு எடைபோட்டால் அதில் முக்கால் பங்கு கொலாஜன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருக்கும் தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியையும் மேல்தோலையும் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது இந்த அடுக்குதான். அதன் கொலாஜன் இழைகளைப் பதனிட்டு ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், விலங்கு இறந்து பல பத்தாண்டுகள் கழித்தும் அது செருப்பாக உழைக்கிறது.

இந்தக் கொலாஜன் எப்படி இருக்கும் என்று உலகுக்குச் சொன்ன ஊர் சென்னை. பள்ளிப் பாடப் புத்தகங்களில் இதற்கு இன்னும் பெரிய இடம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். 1952இல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். அதே ஆண்டு சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் வடிவத்தை இதுவரை யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதன் வழியே எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படமெடுத்து, 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார். மூன்று புரதச் சங்கிலிகள் அருகருகே நிற்கின்றன என்றது அந்தக் கட்டுரை. அவை ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று அடுத்த ஆண்டே திருத்தி எழுதினார்கள். முப்புரி என்று அதைச் சொல்லலாம். தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு இன்றும் அந்த மூவிழைச் சுருளின் பெயர்தான்.

தேங்காய் நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும். தனித்தனிப் புரிகளை ஒரு பக்கமாக முறுக்கி, அவற்றைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். பிரிய முயலும் ஒவ்வொரு புரியும் மற்றதை இறுக்கிப் பிடிக்கும். கொலாஜனிலும் அதே ஏற்பாடு: ஒவ்வொரு சங்கிலியும் இடமாகச் சுழல்கிறது, மூன்றும் சேர்ந்து வலமாக முறுக்கிக்கொள்கின்றன. மூன்றும் நெருங்கி உட்கார நடுவில் இடம் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒன்றாக, அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் வந்தாக வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலம் நீளும் சங்கிலியில் ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதில் வேறொன்று வந்துவிட்டாலும் முறுக்கு கெடும். பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய்களில் ஒன்று பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. சங்கிலியில் இருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு ஒட்டு விழ வேண்டும். அது விழாவிட்டால் உடல் சூட்டில் முறுக்கு நிலைக்காது, அவிழ்ந்துவிடும். அந்த ஒட்டைப் போடும் நொதி ஓயாமல் இயங்க வைட்டமின் சி தேவை. செஞ்சூரியன் கப்பலில் இல்லாமல்போனது அதுதான். நெல்லிக்காயும் கொய்யாவும் தெருவில் விற்கும் ஊரில் அந்த நிலை வருவது அரிது. நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாப்பழமே பெரியவர் ஒருவரின் ஒருநாள் தேவையைத் தாண்டிவிடும். தேவை நிறைந்த பிறகு கூடுதலாகச் சாப்பிடும் மாத்திரைகளால் தோல் இன்னும் இளமையாகிவிடுவதில்லை.

கொலாஜன் உறுதி தருகிறது என்றால், இழுத்து விட்ட தோலைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது எலாஸ்டின் என்ற வேறொரு புரதம். அதைக் கருவில் இருக்கும்போதும் குழந்தைப் பருவத்திலும் உடல் நெய்துவைக்கிறது. பிறகு நல்ல எலாஸ்டின் உருவாவது மிகக் குறைவு. மனித நுரையீரலில் இருக்கும் எலாஸ்டினின் வயதை அளந்து 1991இல் வெளியான ஆய்வு, அதில் இருக்கும் கரி அணு ஒன்று சராசரியாக 74 ஆண்டுகள் அங்கேயே தங்குகிறது என்றது. அறுபது வயதுக்காரரின் உடம்பில் அவர் தவழ்ந்த காலத்தில் உருவான இழைகள் இன்னமும் இழுபட்டு மீள்கின்றன. தோலின் கொலாஜனுக்கும் அவசரமில்லை. அதில் பாதி மாறவே ஏறத்தாழ பதினைந்து ஆண்டு ஆகும். இத்தனை மெதுவாகப் புதுப்பிக்கப்படும் பொருளுக்கு இன்று நேரும் சேதம் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். ஆகவே தோலின் இளமையைக் காப்பது என்றால் முதலில் அறுபடாமல் காப்பதுதான். ஒப்பனைப் பொருள் விளம்பரங்கள் இதைத் தலைகீழாகச் சொல்லி நம்மிடம் பணம் பறிப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அறுப்பவற்றில் முதல் இடம் வெயிலுக்கு. ஐம்பதைக் கடந்த எவரும் சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றி, மேற்கையின் உட்பக்கத்தையும் புறங்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒரே உடம்பு, ஒரே வயது, ஒரே சாப்பாடு. வேறுபாடு பெரும்பாலும் வெயில் பட்டதாலும் படாததாலும் வந்தது.

வெயில் இதை எப்படிச் செய்கிறது என்பதை 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேரி ஃபிஷரும் ஜான் வூர்ஹீஸும் கண்டறிந்தார்கள். தன்னார்வலர்களின் வெயில் படாத தோலில் புற ஊதாக் கதிரைச் சிறிதளவு பாய்ச்சி, சில மணி நேரம் கழித்துத் துளியளவு தோலை எடுத்துச் சோதித்தார்கள். அங்கே கொலாஜனை வெட்டும் நொதிகள் பெருகியிருந்தன. தோல் சிவக்காத அளவுக்குக் குறைந்த வெயிலே அதற்குப் போதுமானதாக இருந்தது. காலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரம், கடைக்குப் போய்வரும் நேரம் எல்லாம் இந்தக் கணக்கில் ஏறுகின்றன. வெட்டியதைத் தோல் திரும்பக் கட்டுகிறது. ஆனால் அச்சு அசலாகக் கட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசகு மிஞ்சி, பல பத்தாண்டுகளில் சுருக்கமாக வெளியே வருகிறது.

தரையை எட்டும் புற ஊதாக் கதிர்களில் இருவகை உண்டு. பி வகை தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும். சாதாரணக் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். நம்மை எட்டுவதில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஏ வகை. அது சுடுவதில்லை, கண்ணாடியைக் கடந்து வரும், உள்தோல்வரை இறங்கும். 2012இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் 69 வயது அமெரிக்க லாரி ஓட்டுநர் ஒருவரின் முகப்படத்தை வெளியிட்டது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். வண்டிக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்த இடது பாதியில் தோல் தடித்து, ஆழமான மடிப்புகளோடு தொங்கியது. வலது பாதி அவரைவிடப் பல வயது இளையவருடையது போல இருந்தது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், இங்கே அந்தக் கூடுதல் வெயில் வலது கன்னத்துக்கும் வலது கைக்கும் போகிறது.

வெயிலைத் தடுத்தால் உண்மையிலேயே பலன் உண்டா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை சோதித்துப் பார்த்தார்கள். ஊராரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்களை அவரவர் விருப்பப்படி விட்டுவிட்டார்கள். முகத்தைப் பார்த்து இளமையாகத் தெரிகிறது என்று கருத்துச் சொல்லும் வேலையே அங்கு இல்லை. இடது புறங்கையின் மேல் சிலிக்கோன் ஊற்றி அச்செடுத்து, தோலின் வரிகள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று பார்த்தார்கள். 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் அச்சுகளை ஒப்பிட்டதில், தினமும் பூசியவர்களின் தோல் மூத்தது மற்றவர்களைவிட 24 விழுக்காடு குறைவு. நாலரை ஆண்டில், எந்த அழகு நிலையத்துக்கும் போகாமல், நடு வயதுக்காரர்களிடமும் கிடைத்த பலன் இது. அதே சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரை தின்றவர்களுக்கு அதனால் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

நம்பூர்க்காரர்கள் பெரும்பாலும் வெள்ளை நிறத்தவர்கள். நம் தோலுக்கு மெலனின் என்ற காப்பு பிறப்பிலேயே இருக்கிறது. ஆழ்ந்த கறுப்பு நிற மேல்தோல் சன்ஸ்கிரீன் கணக்கில் சுமார் 13 அளவுக்குப் பாதுகாப்பு தருகிறது என்றும், வெள்ளைத் தோல் தருவது 3 அளவே என்றும் 1979இல் அளந்திருக்கிறார்கள். நம் பழுப்பும் மாநிறமும் நடுவில் வரும். ஐரோப்பியர்களைவிட நமக்கு முகச் சுருக்கம் பல ஆண்டுகள் தள்ளி வருவதும், தோல் புற்றுநோய் மிகக் குறைவாக இருப்பதும் இதனால்தான். இந்த நிறத்தைக் குறையாக நினைத்து நாம் இழந்த தன்மானத்தையும் பணத்தையும் எண்ணினால் மனம் ஆறவில்லை. நம் தோலில் வெயிலின் வேலை வேறு வடிவில் தெரியும்: மங்கு, கன்னத்தில் கரும்புள்ளிகள், நிறத்தின் திட்டுத் திட்டான வேறுபாடு. அதிலும் மங்கைப் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தூண்டுகிறது. ஆகவே மங்கு உள்ளவர்களுக்கு, இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த, லேசான தோல் நிறமுள்ள சன்ஸ்கிரீன்தான் கூடுதலாகப் பலன் தரும். வெள்ளைக் களிம்பு அந்த ஒளியை அவ்வளவாகத் தடுக்காது. எதைப் பூசினாலும் பெரும்பாலோர் பூச வேண்டிய அளவில் பாதிக்கும் குறைவாகவே பூசுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கி எடுத்தால்தான் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்குரிய பலன் கிடைக்கும்.

சன்ஸ்கிரீன் வாங்க முடியாதவர்களுக்கு வழியில்லை என்று நினைக்க வேண்டாம். களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகும் நம் பெண்கள் சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நெருக்கமாக நெய்த துணி ஏ, பி இரண்டையும் தடுக்கும், வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியதும் இல்லை. ஆடையாலும் நிழலாலும் கிடைக்கும் இந்தக் காப்பைத்தான் தோல் மருத்துவர்களும் முதலில் சொல்கிறார்கள். வைட்டமின் டி குறைந்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள் மருத்துவரிடம் கேட்டு ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். முகத்தை வெயிலில் காயவைக்கத் தேவையில்லை.

வெயிலுக்கு அடுத்தது புகை. சிகரெட் புகைப்பவர்களின் தோலிலும் அதே வெட்டும் நொதிகள் கூடுகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது என்ற கணக்கும் உண்டு. நாற்பத்தெட்டு வயதில் முகம் திடீரென்று வாடிவிட்டதாக ஒருவர் உணர்ந்தால் அது அவருடைய கவனக்குறைவால் வந்ததில்லை.

சரி, அறுபட்டதைத் திரும்பத் திரிக்க வைக்க முடியுமா? கொலாஜன் கலந்த கிரீமால் முடியாது. தோல் வழியே உள்ளே நுழையும் பொருள்களின் மூலக்கூறு எடை பொதுவாக 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும். கொலாஜனின் எடை ஏறத்தாழ மூன்று லட்சம். அது மேலே படிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். கொலாஜன் பொடியைக் குடித்தால் வயிறு அதைச் சிறு துண்டுகளாகச் செரித்துவிடுகிறது. பலன் உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் நிறையவே இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பணம் தந்தவர்கள் அதை விற்பவர்கள். என் பிள்ளைகளுக்கு நான் அந்தக் காசில் முட்டையும் பருப்பும் பழமும் வாங்கச் சொல்வேன்.

முடியும் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு பொருள் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. ட்ரெட்டினோயின். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் 1960களில் அதை முகப்பருவுக்குக் கொடுத்தார். பரு குறைந்ததோடு சுருக்கமும் குறைந்திருப்பதாக நடுவயது நோயாளிகள் சொல்ல, அதைத் தொடர்ந்து போய் 1986இல் வெயிலில் மூத்த தோலைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். 1995இல் அமெரிக்க அரசு நுண் சுருக்கங்களுக்கு அதை ஏற்றது. கிளிக்மனின் பெயரைச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் விட முடியாது: 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலைத் தன் சோதனைக் களமாகப் பயன்படுத்தியவர் அவர். பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். தங்கள்மேல் என்ன பூசப்படுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. நம் முகத்துக்கு வந்து சேரும் நன்மைக்குப் பின்னால் அவர்களுடைய முதுகுகள் இருக்கின்றன.

வைட்டமின் ஏ வேலை செய்யும் விதத்தில் எனக்குப் பெரிய வியப்பு ஒன்று உண்டு. 2007இல் மிச்சிகனில் முதியோர் இல்லங்களில் இருந்த 36 பேரிடம் சோதித்தார்கள். சராசரி வயது 87. வெயில் படாத மேற்கை உட்பக்கத்தில், ஒரு கையில் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ கலந்த களிம்பும் மறு கையில் அது கலக்காத களிம்பும். 24 வாரத்தில் ரெட்டினால் பட்ட கையில் நுண் சுருக்கங்கள் குறைந்தன. தோலுக்குள் புதுக் கொலாஜனுக்கான மூலச் சங்கிலி கூடியிருந்தது. எண்பத்தேழு வயதிலும் கயிறு திரிக்கும் செல்கள் சாகவில்லை. சுற்றியிருக்கும் இழைகள் துண்டு துண்டானதால் பிடித்து நிற்க இடமின்றி அவை சுருங்கிப்போய்க் கிடக்கின்றன. முதியவர்களின் தோலுக்குள் ஹயலுரோனிக் அமிலத்தை ஊசியால் செலுத்தி இடைவெளியை நிரப்பியபோது, அதே செல்கள் மறுபடி நீண்டு விரிந்து கொலாஜனைச் சுரந்ததையும் அதே பல்கலைக்கழகத்தினர் பார்த்திருக்கிறார்கள்.

ட்ரெட்டினோயினை மருத்துவர் சீட்டோடுதான் தொடங்க வேண்டும். முதலில் தோல் உரியும், எரியும். நம் நிறத்தில் எரிச்சல் கருமையாகத் தங்கிவிடக்கூடும். கர்ப்பிணிகள் அறவே தொடக் கூடாது. இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கிளிக்மன் 1975இல் மங்குக்காக ட்ரெட்டினோயினோடு ஹைட்ரோகுவினோனையும் ஸ்டீராய்டையும் கலந்து ஒரு மருந்து சொன்னார். சில வாரங்களுக்கு மட்டுமான அந்தக் கலவையின் வாரிசுகள் நம் மருந்துக் கடைகளில் சிவப்பழகு கிரீமாகப் பேசாமல் கைமாறின, இன்றும் மாறுகின்றன. ஸ்டீராய்டு முதல் மாதத்தில் முகத்தைப் பளிச்சென்று காட்டும். அதே நேரத்தில் உள்ளே கொலாஜன் திரிப்பதை அடக்கிவிடும். தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும், பரு கிளம்பும், வெயிலில் எரியும், நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும், அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். இந்தியாவெங்கும் தோல் மருத்துவர்கள் இதைப் பெரும் நோயாகவே பார்த்துப் போராடியதன் பேரில், 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அரசு அறிவித்தது. டியூபின் பின்பக்கத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால், தோழி சொன்னாள் என்றோ கடைக்காரர் கொடுத்தார் என்றோ முகத்தில் பூச வேண்டாம்.

தோலைப் பேணுவது அழகுக்காக மட்டும் என்று ஒதுக்குபவர்கள் வீட்டில் இருக்கும் எண்பது வயதுக்காரரின் முழங்காலுக்குக் கீழே ஒருமுறை பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பசை வற்றி, வெடித்து, இரவெல்லாம் அரிப்பு. கட்டில் விளிம்பில் லேசாக இடித்தாலே தோல் காகிதம்போலக் கிழிகிறது; சர்க்கரை நோய் இருந்தால் அந்தக் கிழிசல் மாதக்கணக்கில் ஆறாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் முதியோர் இல்லங்களில் கைகால்களுக்குத் தினம் இரண்டு வேளை ஈரங்காக்கும் களிம்பு பூசியதில் இத்தகைய கிழிசல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் ஒரே அளவு பலன் தந்ததாக 2004இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வு சொல்கிறது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றாமல் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, சோப்பை அக்குள், இடுக்கு, பாதம் இவற்றோடு நிறுத்தி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் பூச வேண்டும்; முடி இருக்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாக. இரவு படுக்கும் முன் இன்னொரு முறை.